வில்லுப்பாலத்தின் தலைப்பிரசவம்

எங்கள் ஊர் வில்லுப்பாலம் முழுகாமல் இருக்கிறது என்பதை முதலில் அறிந்தவர் பாலத்து மேஸ்திரி சபாபதி. அது சித்திரை மாதம், வெயில் ஏறுவதற்கு முந்திய நேரம், இருபத்தொன்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற வேலையை அவர் அன்றைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை என்னவென்றால், சின்னச் சுத்தியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்துறைக் கரையில் ஏறி, லாயத்துப்பேட்டைக் கரை வரைக்கும் நடந்து, வழியில் உள்ள ரிவிட் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது, கெட்டியாக இருக்கிற ரிவிட் டிங் என்று சொல்லும், தளர்ந்துபோனது டொக் என்று சொல்லும், டொக் சொன்னதைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டுவிட்டு வருவது. அன்றைக்குப் பாலத்தின் நடுமத்தியில் தட்டிய ரிவிட் முதலில் ஒரு டிங் சொன்னது, அது அடங்குவதற்குள் உள்ளேயிருந்து இன்னொரு டிங் கேட்டது, சின்னதாக, தூக்கத்தில் பதில் சொல்வதைப் போல. சபாபதி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இரும்பில் காதை ஒட்டிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பாலத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மண்டபத்துறைக்காரன், பாலத்தைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவேன், நீங்கள் வேண்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில், கப்பலில் வந்த இரும்பை ரயிலில் ஏற்றி, ரயிலில் வந்ததை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆற்றுக்குள் ஒரு தூண்கூட ஊன்றாமல், இந்தக் கரையில் ஒரு காலும் அந்தக் கரையில் ஒரு காலுமாகப் பெரிய இரும்பு வில் ஒன்றை வளைத்து நிறுத்தி, அந்த வில்லிலிருந்து கம்பிகளைத் தொங்கவிட்டு, அந்தக் கம்பிகளில் சாலையைக் கட்டியிருந்தார்கள். மண்டபத்துறைப் பக்கத்துக் காலைக் கல்லோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். லாயத்துப்பேட்டைப் பக்கத்துக் காலை மட்டும் கட்டாமல் இரும்பு உருளைகளின் மேல் சும்மா வைத்திருந்தார்கள், வெயிலில் இரும்பு நீண்டால் நீளட்டும், பனியில் சுருங்கினால் சுருங்கட்டும் என்று.

மண்டபத்துறையில் படித்துறை, கோர்ட்டு, பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி, எதற்கெடுத்தாலும் நேரம் பார்க்கிற ஜனங்கள். லாயத்துப்பேட்டையில் ஒரு காலத்தில் ஏதோ ஜமீனின் குதிரைகளைக் கட்டியிருந்த கொட்டடிகள், இப்போது அதிலெல்லாம் லாரிகள். அங்கே டிங்கர் உண்டு, வெல்டர் உண்டு, எந்நேரம் எழுப்பினாலும் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு, பிரசவம் பார்க்க மட்டும் ஆள் கிடையாது. அவர்களை நாங்கள் கரிக்கையர்கள் என்போம், எங்களை அவர்கள் கடியாரங்கள் என்பார்கள். பாலம் கட்டி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதன் மேல் கத்தரிக்காய் மூட்டை போயிருக்கிறது, கோயில் யானை போயிருக்கிறது, பிணம் போயிருக்கிறது, ஓட்டுக் கேட்டு ஊர்வலம் போயிருக்கிறது, கல்யாணச் சீர்வரிசை மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அந்த வழக்கத்தை உடைத்தவள் சபாபதியின் ஒரே மகள் தமயந்தி. பாலத்துக்கு போல்ட் கடைந்து கொடுக்க லாயத்துப்பேட்டை லேத் பட்டறையிலிருந்து குணசீலன் என்று ஒருவன் வந்துகொண்டிருந்தான், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தமயந்தி போய்க்கொண்டிருந்தாள், மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் முடித்துக்கொண்டு அவள் அக்கரைக்குப் போன நாளில் சபாபதி, இனி அந்தக் கரை மண்ணை மிதிப்பதில்லை என்று படித்துறையில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சொன்னால் சொன்னதுதான் என்கிற மனிதர். ஆனால் வேலையை விட முடியாதே. அதனால் தினமும் பாலத்தின் மறுகோடி வரைக்கும் போவார், கடைசி ரிவிட்டைத் தட்டுவார், லாயத்துப்பேட்டை மண்ணுக்கு அரையடி இருக்கும்போது அப்படியே திரும்பிவிடுவார். அங்கிருந்து மூன்றாவது வீடு மகளுடையது. அவர் கடைசி ரிவிட்டைத் தட்டுகிற நேரத்துக்குச் சரியாக அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட வருவாள். ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை.

பாலத்தின் வயிற்றில் இரண்டாவது டிங் கேட்ட அதே காலையில், கடைசி ரிவிட்டுக்குப் போன சபாபதி, மாடியில் தமயந்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுப்பதையும் பார்த்தார். பெரிய மனுஷன், அவருக்குப் புரியாமல் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி கனகாம்புஜத்திடம் இரண்டு செய்தியில் ஒன்றை மட்டும் சொன்னார்.

“நம்ம பாலம் முழுகாம இருக்கு” என்றார்.

“நெசமாவா? எத்தன மாசம்?” என்று கேட்டாள் கனகாம்புஜம், கையிலிருந்த கரண்டியை வைக்காமலே.

“மூணு இருக்கும்.”

இன்னொரு செய்தி மறுநாள் பூக்காரி மூலமாக அவளுக்கு வந்து சேர்ந்தது. அன்று மத்தியானம் அவள் சாப்பாடு பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “ரெண்டு சேதி கொண்டாந்து ஒண்ண முழுங்கிட்டீங்களே, செரிச்சுதா?” என்று கேட்டாள். சபாபதி மோர் கேட்டார்.

ஊர் அதிசயப்பட்டதா என்று கேட்டால், அதிசயப்பட நேரமில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த வாரமே மசக்கை தொடங்கிவிட்டது. காலை ஆறு மணிக்குப் பாலம் ஒரு குலுக்குக் குலுக்கித் துருவை ஆற்றில் வாந்தி எடுக்கும், படித்துறையில் குளிக்கிறவர்கள் இடுப்பளவு செந்தண்ணீரில் நிற்பார்கள், அதனால் குளிக்கிற நேரத்தை நாங்கள் எட்டு மணிக்குத் தள்ளிவைத்தோம், வாழ்க்கையில் முதல்முறையாக மண்டபத்துறைக்காரன் நேரத்தை மாற்றிக்கொண்டது அப்போதுதான். பிறகு வாய்க்கு ருசி தேடியது. பாலத்தைக் கடந்து போனால் சைக்கிள் மணியின் மூடி இருக்காது, குடையின் கம்பி ஒன்று குறையும், புடவையில் குத்திய ஊக்கு காணாமல் போய்ப் பெண்கள் மாராப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். வாயும் வயிறுமாக இருக்கிறவள் கேட்டால் கொடுக்காமல் இருப்பதா என்று வீட்டிலிருந்த உடைந்த கரண்டி, மொட்டை அரிவாள், பூட்டில்லாத சாவி எல்லாம் கொண்டுபோய்க் கைப்பிடி ஓரத்தில் வைக்கத் தொடங்கினோம். வைத்துவிட்டுத் திரும்பி நாலு அடி நடப்பதற்குள் காலியாகிவிடும். எப்போது என்று தெரியாது, அதுவரை ‘அது’ என்று சொல்லிக்கொண்டிருந்த பாலத்தை எல்லோரும் ‘அவள்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தோம். அப்பன் யார் என்று டீக்கடையில் ஒருநாள் பேச்சு எழுந்தது, மேற்கே தள்ளியிருக்கிற ரயில்பாலத்தின் மேல் சிலருக்குச் சந்தேகம், “புள்ளத்தாச்சி காதுல விழற மாதிரி என்னடா பேச்சு?” என்று டீ மாஸ்டர் அதட்டியதோடு அது முடிந்துபோனது.

வைகாசியில் சர்க்கார் ஜீப்பில் என்ஜினீயர் ஒருவர் வந்தார். நடுமத்தியில் சாலை கீழ்ப்பக்கமாகப் பதினோரு அங்குலம் புடைத்திருப்பதை அளந்தார், சபாபதியின் சுத்தியலை வாங்கித் தட்டினார், காதை வைத்தார், வெகுநேரம் எடுக்கவேயில்லை. எடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. “பழுது ஏதும் இல்லை. பாரம் ஏற்றிய வண்டிகள் கூடாது. பாலத்தின் மேல் உரக்கப் பேச வேண்டாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு நடந்து போனார்.

லாயத்துப்பேட்டை லாரிக்காரர்களைப் பற்றி நாங்கள் ஆயிரம் சொல்வோம், ஆனால் இதைச் சொல்லாவிட்டால் வாய் புழுத்துப்போகும்: அந்த எழுத்து வருவதற்கு முன்னாலேயே அவர்கள் பாலத்தின் தலைப்பில் லாரியை நிறுத்திவிட்டு, சிமெண்ட் மூட்டையையும் வெல்ல மூட்டையையும் தலையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒருவர் பின் ஒருவராகக் கடந்துகொண்டிருந்தார்கள். டவுன் பஸ் ஹாரன் அடிப்பதை நிறுத்தியது. கண்டக்டர் விசிலுக்குப் பதில் கையால் தட்டினார். கோர்ட்டில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் பாலத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் குனிந்து, கைப்பிடி இரும்பில் காதை வைத்துக் கேட்டார்கள். நானும் கேட்டேன். என் பிள்ளைகள் மூன்று பேரும் வயிற்றில் இருந்தபோது கேட்கத் தோன்றாத எனக்கு, அந்த இரும்புக்குள் டிங், டிங் என்று நிதானமாக, பயமே இல்லாமல் ஒன்று துடிப்பதைக் கேட்டபோது முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எழுந்து பார்த்தால் எனக்கு எதிரில் முட்டி போட்டிருந்த வெல்டர் ஒருவனும் அதே மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து நான் சிரித்தேன். மண்டபத்துறைக்காரன் செய்கிற காரியமா அது!

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஏழாம் மாதம் நெருங்கியது, ஏழாம் மாதம் என்றால் வளைகாப்பு, வளைகாப்பு முடிந்தால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டார் பெண்ணை அழைத்துப்போக வேண்டும், அப்படியானால் பாலத்துக்குத் தாய்வீடு எது? ஆடி மாதக் கடைசியில் இரண்டு கரைக்காரர்களும் பாலத்தின் நடுவில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, கர்ப்பிணிக்குக் கேட்கக் கூடாதென்று கிசுகிசுக் குரலிலேயே சண்டை போட்டோம்.

லாயத்துப்பேட்டைக்காகப் பேசியவர் லாரி புரோக்கர் சிக்கந்தர் பாய், வெள்ளை ஜிப்பா, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு. “அவ கால பாருங்க. உங்க பக்கம் போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருக்கீங்க. எங்க பக்கம் உருளை மேல காலாற விட்டிருக்கு. பொண்ண இறுக்கி வெக்கிற எடம் மாமியார் வீடு, காலாற விடற எடம் தாய்வீடு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார்.

எங்கள் பக்கம் எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தோம். சபாபதி எழுந்தார். “மொத ரிவிட் அடிச்சது மண்டபத்துறையில. கல்லுல தேதி வெட்டியிருக்கு. எங்க பொறந்தாளோ அதான் தாய்வீடு. இருபத்தொம்போது வருஷமா தெனமும் அவ உடம்பத் தொட்டுப் பாத்தவன் நான், எம் பொண்ணு மாதிரி. எங்க வீட்டுக்குத்தான் வருவா.”

எம் பொண்ணு மாதிரி என்று அவர் சொன்னபோது அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குணசீலன் எழுந்து போய்விட்டான். அவனைத் தவிர மற்றவர்கள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முடிவு வராததால் ஆவணியில் ஒரே நாளில் இரண்டு வளைகாப்பு நடந்தது. தொங்கு கம்பிகளெல்லாம் அவளுடைய கைகள் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பாதிக்கு அவர்கள் லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி அடித்த இரும்பு வளையங்களைப் போட்டார்கள், இந்தப் பாதிக்கு நாங்கள் பாத்திரக்கடையில் சொல்லிச் செய்த பித்தளை வளையங்களைப் போட்டோம். முதலில் வேப்பங்குச்சியில் காப்பு, பிறகு சந்தனம், குங்குமம், பிறகு புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு என்று பாலத்தின் மேல் நெடுக இலை போட்டு ஊரே சாப்பிட்டது. வழக்கப்படி வந்திருந்த பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு ஜோடி கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டார்கள். காற்று அடித்தபோது ஆறு முழுக்க வளையல் சத்தம்.

அந்தக் கூட்டத்தில் லாயத்துப்பேட்டைப் பக்கமாகத் தமயந்தி நின்றிருந்தாள், அவளுக்கும் ஏழாம் மாதம், வயிறு முன்னால் வந்திருந்தது, கை மூளி. அவளுக்கு யாரும் வளைகாப்புச் செய்யவில்லை. சிக்கந்தர் பாயின் சம்சாரம் அவள் கையைப் பிடித்து வளையலை ஏற்றப் போனபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாங்க்கா. மொத வளையல் எங்கம்மா போடணும். எங்க வீட்டுலேந்து வந்து கூப்பிடணும். அதுவரைக்கும் வேணாம்” என்றாள்.

முப்பது அடி தூரத்தில் தாம்பாளத்தோடு நின்றிருந்த கனகாம்புஜத்துக்கு அது கேட்டது. அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் ஒரு கம்பியில் பித்தளை வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மும்முரமாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

புரட்டாசி பிறந்ததும் பாலம் தானே தீர்ப்புச் சொன்னது. லாயத்துப்பேட்டைக் கரையில் உருளைகளின் மேல் இருந்த காலை அவள் மெல்ல மடக்கிக்கொள்ளத் தொடங்கினாள். முதல் நாள் கரைக்கும் பாலத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, ஒரு வாரத்தில் ஒரு சாண், மாதக் கடைசியில் மூன்றடி. பிடிப்பு இல்லாத அந்தக் கோடி கீழே விழவில்லை, அந்தரத்தில் அப்படியே நின்றது. லாயத்துப்பேட்டைக்காரர்கள் பலகை போட்டுப் பார்த்தார்கள், புரண்டு படுக்கிறவள் போர்வையைத் தள்ளுகிற மாதிரி அவள் பலகையைத் தள்ளிவிட்டாள். தாய்வீடு மண்டபத்துறைதான் என்று ஆகிவிட்டது. நாங்கள் வெடி வைக்கவில்லை, அவள் பயந்துகொள்வாளே என்று, ஆனால் சபாபதிக்கு மாலை போட்டோம். அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சபாபதி தினமும் டேப்போடு போய் இடைவெளியை அளந்தார். அரையடி எடுத்து வைத்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. அப்புறம் தாண்டினால் போதும் என்றிருந்தது, பிறகு தாண்டவும் முடியாமல் ஆனது. ஆறடி ஆன நாளில் சிக்கந்தர் பாய் அந்தக் கரை ஓரத்துக்கு வந்து நின்றார்.

“ஜெயிச்சுட்டீங்க மேஸ்திரி. உங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வந்துட்டா, சந்தோஷம்” என்றார். பிறகு பின்னால் இருந்த மூன்றாவது வீட்டைக் காட்டி, “அப்ப மாடியில நிக்குதே, அது யாரு பொண்ணு?” என்று கேட்டார்.

சபாபதி நிமிர்ந்து பார்த்தார். தமயந்தி துணி காயப்போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள், சும்மாதான் வந்து நிற்பாள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். வீட்டில் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, கனகாம்புஜமும் சாப்பிடச் சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போனது. பரிசல்காரர்கள் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள், ரயில்பாலத்துக்குப் போகிற பாதை தண்ணீருக்கடியில் இருந்தது. கார்த்திகை பிறந்தது, பாலத்துக்குப் பத்து மாதம் நிறைந்தது, வலி எடுத்ததற்கு அடையாளமாக ரிவிட்டுகள் தாமாகவே முனகத் தொடங்கின, ஒருநாள் முனகின, இரண்டு நாள் முனகின, மூன்றாம் நாளும் முனகின, பிள்ளை மட்டும் வரவில்லை. கரையில் நின்ற ஆஸ்பத்திரி நர்சம்மா குடைக்கடியிலிருந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு, எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கா” என்றாள். ஊர் முழுக்க மழையில் நனைந்துகொண்டு நின்றோம். தாய்வீட்டுக்குத்தான் வந்துவிட்டாளே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும், அக்கரை ஓரத்தில் குணசீலன் ஓடிவந்து நின்றான், சட்டைகூடப் போடவில்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் முதல்முறையாக, “மாமா!” என்று கத்தினான்.

சபாபதி பாலத்தின் மறுகோடியில், அந்தரத்தில் நிற்கிற நுனியில் நின்றிருந்தார். நடுவில் பதினோரு அடி. கீழே ஆறு உருண்டுகொண்டிருந்தது.

“தமயந்திக்கு வலி எடுத்திருச்சு மாமா. விடியக் காலையிலேந்து. பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. கயித்துக் கட்டில் கட்டி உங்க பக்கம் இழுத்துரலாம்னு பாய் எல்லாம் தயாரா வெச்சிருக்காரு. இவ எந்திரிக்க மாட்டேங்குறா.”

“ஏன்?”

“‘எங்க வீட்டுலேந்து வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டாத்தான் போவேன், இல்லேன்னா இங்கியே கெடந்து சாவேன்’ங்குறா. நான் கால்ல விழுந்து பாத்துட்டேன் மாமா. யாரு பேச்சும் எடுபடல.”

இந்தப் பிடிவாதம் யாருடையது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சபாபதி வாயைக் குவித்து, “தமா! தமயந்தி! வாம்மா!” என்று கத்தினார். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. மழையும் ஆறும் அந்தக் குரலைப் பாதி வழியிலேயே விழுங்கிவிட்டன. இன்னொரு தடவை கத்தினார், தொண்டை உடைந்து வெறும் காற்றுத்தான் வந்தது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கனகாம்புஜம் வந்தாள். கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பச்சை வளையல் ஒரு டஜன். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். “நகருங்க” என்றாள்.

“எங்கடி போற?”

“எம் பொண்ணக் கூப்பிட.”

“பதினோரு அடி இருக்கு, கனகு.”

“அரையடி இருக்கறப்பவே நான் போயிருக்கணும்” என்றாள் அவள். “உங்க சத்தியத்துக்குப் பயந்துகிட்டு இருந்துட்டேன். தப்பு என்மேலதான்.”

சபாபதி அவள் முகத்தைப் பார்த்தார், அந்த முகத்தில் மழையா கண்ணீரா என்று பிரிக்க முடியவில்லை. அவர் அவள் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார், திரும்பினார், கடைசி ரிவிட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமேயில்லாத இடத்தில் வலது காலைத் தூக்கி வைத்தார். குதிக்கத்தான் பார்த்தேன் என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டதுண்டு. பார்த்தவர்கள் நாங்கள் இருக்கிறோம், அவர் குதிக்கவில்லை. தாம்பாளத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சீர்வரிசை எடுத்துப்போகிற தகப்பன் எப்படி நடப்பானோ அப்படி நடந்தார்.

பாலம் அலறியது. அறுபது வருஷத்து இரும்பு முழுவதும், ஒவ்வொரு ரிவிட்டும், ஒவ்வொரு கம்பியும், கம்பியில் மாட்டியிருந்த அவர்கள் வளையமும் எங்கள் வளையமும் ஒரே நேரத்தில் அதிர, ஆற்றுத் தண்ணீர் அந்தச் சத்தத்தில் ஒரு கணம் ஓட மறந்து நிற்க, அந்தரத்தில் இறங்கிக்கொண்டிருந்த அவர் காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில், பெரிய பாலத்தின் அடியிலிருந்து, துருநீர் சொட்டச் சொட்ட, மழைபட்ட இடமெல்லாம் ஆவி பறக்க, சின்னதாக, அச்சு அசலாக அம்மாவைப் போலவே வில் வளைந்து, வளைவில் கம்பிகள் தொங்கி, முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடி வைத்து, ஒரு பாலம் வெளியே வந்து அக்கரையைத் தொட்டது. சரியாகப் பதினோரு அடி. சபாபதியின் கால் அதன் மேல்தான் பதிந்தது.

இரண்டு கரையிலும் ஆயிரக்கணக்கான பேர் நின்றிருந்தோம். நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. சபாபதி கீழே பார்க்கவில்லை. பதினோரு அடியையும் நடந்து முடித்து லாயத்துப்பேட்டைச் சேற்றில் கணுக்கால் புதைய இறங்கினார், அவர் பின்னாலேயே கனகாம்புஜமும் இறங்கினாள், கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது, மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்றார்.

“தமா” என்றார். “அப்பா வந்திருக்கேன். அம்மாவும் வந்திருக்கா. நம்ம வீட்டுக்குப் போலாம், வாம்மா.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தமயந்தி வந்தாள், உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்திருந்தது. அப்பாவின் கால் முழுக்கச் சேறு இருப்பதைப் பார்த்தாள். அம்மாவிடம் இரண்டு கையையும் நீட்டினாள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில், வாசல்படியில் வைத்தே, கனகாம்புஜம் கைக்கு ஆறாகப் பன்னிரண்டு வளையலையும் போட்டாள்.

சிக்கந்தர் பாயும் லாரிக்காரர்களும் தார்ப்பாயை நாலு மூலையிலும் உயர்த்திப் பிடிக்க, ஒரு பக்கம் குணசீலனும் மறுபக்கம் சபாபதியும் தாங்க, தமயந்தி ஆற்றோரத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரி எதிரே தெரிந்தது, நர்சம்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சபாபதிக்கு அவசரம், “வாம்மா, வா, வா” என்று மகளை இழுத்துக்கொண்டு குட்டிப் பாலத்தில் விறுவிறுவென்று ஏறினார். அவள் நடுவில் நின்றுவிட்டாள். வலியில் நிற்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் குனிந்து, இன்னும் சூடு ஆறாத அந்தச் சின்னக் கைப்பிடியை உள்ளங்கையால் தடவினாள்.

“மெதுவாப்பா” என்றாள். “பச்சப்புள்ள.”

சபாபதி சட்டென்று நின்றார். குனிந்து, சேறு அப்பியிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கழற்றினார்கள்.